அங்கம்மா மலையேறிய காட்சி

புதினம் ஒன்றைத் திரைப்படமாக்க முற்படுவோர் இருதரப்பாரின் ஏச்சுக்கும் ஆளாவது வழக்கம். நூலைப் படித்தவர், ‘நாம் படித்தது இதுவன்று’ என்பர். படியாதவர், ‘இத்துணை நீட்டி முழக்குவானேன்’ என்பர். ‘பரதேசி’ என்னும் படத்திற்கு மூன்றாம் தரப்பார் ஒருவரும் உண்டு. நூலைப் படியாமலும் திரைக்கலையின் நுட்பங்களை அறியாமலும், அக்கதையைத் தம் குடும்பக் கதையாகவே கேட்டு வளர்ந்தவர் அவர். கேமரன் மலையின் வடகோடியில், கம்போங் ராஜாவைச் சூழ்ந்த தேயிலைச் சரிவுகளில் பிறந்து வளர்ந்த நாங்கள் அத்தரப்பினர். எங்களுக்குள்ளேயே அப்படத்தைப் பற்றி ஒத்த கருத்து ஏற்படவில்லை. அது ஏன் என்பதைக் குறித்தே எழுதப் புகுந்தேன்.

இயக்குநர் பாலாவின் ‘பரதேசி’ 2013 மார்ச்சுத் திங்களில் வெளிவந்தது. அதற்கு மூலமாகிய நூல் பி. எச். டேனியல் என்னும் மருத்துவர் ஆங்கிலத்தில் எழுதி 1969இல் வெளியிட்ட ‘ரெட் டீ’. ஆனைமலைத் தோட்டங்களில் பல்லாண்டு பணியாற்றிய அவர், தமக்கு முந்திய தலைமுறை பட்ட பாட்டை முதிய தொழிலாளர் வாயிலாகக் கேட்டறிந்து கதையாக்கினார். தமிழரைப் பற்றித் தமிழர் ஒருவர் எழுதிய அந்நூல் தமிழுக்கு வர 38 ஆண்டுகள் பிடித்தன. இரா. முருகவேள் ‘எரியும் பனிக்காடு’ என்னும் பெயரில் 2007இல் அதனைத் தமிழாக்கினார். புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’ இலங்கைத் தேயிலைத் தோட்டத்தின் அவலத்தை அதற்கு நெடுநாள் முன்பே சொல்லியிருந்தும், மலையேறியவர் கதை நம் பாடநூல்களில் பெற்றுள்ள இடம் சிறிதே. தமிழாசிரியர்களாகிய நாம் இதைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம்.

படத்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சாலூர் என்னும் சிற்றூரில் தண்டோராப் போட்டுப் பிழைக்கும் வெகுளி இளைஞன் இராசா. அவனை விரும்புபவள் அங்கம்மா. பஞ்சம் வாட்டுகையில் கங்காணி ஒருவன் வந்து முன்பணம் காட்டி ஊராரை அழைத்துச் செல்கிறான். நாற்பது நாளுக்கும் மேல் நடந்து மலையை அடைகின்றனர். வழியில் விழுந்தவர் வழியிலேயே விடப்படுகின்றனர். கணக்குத் தீர்க்கும் நாளில் கூலியெல்லாம் கழிவுகளில் கரைந்து கடன் மட்டுமே மிஞ்சுகிறது. தப்பியோட முயன்ற இராசாவின் குதிகால் நரம்பு அறுக்கப்படுகிறது. பின்னர்க் கொள்ளைநோய் வந்து லயம் லயமாக மக்களை வாரிக்கொண்டு போகிறது.

மேலைநாட்டார் உலகம் அழிந்தபின் எஞ்சியவரைப் பற்றிக் கதை எழுதுவதில் பெருவிருப்பம் உடையவர். கோர்மக் மெக்கார்த்தி 2006இல் எழுதிய ‘தி ரோட்’ அத்தகையது. சாம்பல் மூடிய நிலத்தில் தந்தையும் மகனும் பசியோடு தெற்கு நோக்கி நடந்துகொண்டே இருக்கின்றனர். அது 2009இல் திரைப்படமானபோது, உள்ளம் உருகியவரும் உண்டு. இத்துணை இருளை எவர் பொறுப்பர் என்று முகம் சுளித்தவரும் உண்டு. அங்கு எதிர்காலத்தில் நிகழக்கூடும் என்று கற்பனை செய்யப்படுவது, இங்கு பாட்டனார் காலத்தில் நடந்து முடிந்தது. பஞ்சம், நெடுநடை, வழியில் கைவிடப்பட்டோர், நோய், எஞ்சிய சிலர் என்று அவர்கள் அடுக்கும் பொருள்களில் ஒன்றும் நம் கதையில் குறைவில்லை. அந்த எஞ்சியோரின் பேரப்பிள்ளைகள் திரைக்கு முன் அமர்ந்து படம் பார்க்கும்போது, முகம் சுளிப்பதற்கும் உருகுவதற்கும் வேறு காரணங்கள் வந்துவிடுகின்றன.

தமிழ்நாட்டில் எழுந்த வாதங்களை நான் அறிந்தவரையில் சொல்கிறேன். செழியனின் ஒளிப்பதிவும் நாஞ்சில் நாடனின் உரையாடலும் பலராலும் போற்றப்பட்டன. பூர்ணிமா இராமசாமிக்கு ஆடை வடிவமைப்புக்கான தேசிய விருது கிடைத்தது. கந்தைக்கு விருதா என்று நகைத்தவர் உண்டாயினும், கந்தையை உள்ளபடி காட்டுவது பட்டாடை காட்டுவதினும் அரிய வேலை என்பதே என் எண்ணம். படம் வெளிவருமுன் காட்டப்பட்ட முன்னோட்டம் ஒன்றில், இயக்குநர் நடிகர்களைக் கோலால் அடித்து நடிக்கும் விதம் கற்பிப்பதுபோன்ற காட்சி இருந்தது. அது பெருங்கண்டனத்தைக் கிளப்பிற்று. அது பொய்க்கோல் என்று பின்னர் விளக்கம் கூறப்பட்டது. கங்காணியின் பிரம்பைக் கண்டிக்கும் படத்திற்கு அத்தகைய முன்னோட்டம் தேவைதானா என்று கேட்டவர் கேள்வியில் நியாயம் உண்டு.

இவை யாவும் சிறியவை. பெரிய குறை மருத்துவர் பாத்திரத்தில் இருக்கிறது. டேனியலின் புதினத்தில் ஆபிரகாம் என்னும் மருத்துவர் வருகிறார். தோட்டத்தின் நிலைகண்டு மனம் பதைத்து, நோயோடும் நிருவாகத்தோடும் போராடுகிறார். ஆசிரியர் தம் பட்டறிவையே அப்பாத்திரத்தில் வார்த்திருக்கிறார் என்று படிப்பவர் எவரும் உணர்வர். படத்தில் வரும் மருத்துவரோ நோயாளிகளுக்கு நடுவே ஆடிப்பாடி மதம் பரப்புகிறார். ரொட்டியை வீசி ஆன்மாக்களைப் பிடிக்க வந்தவராகக் காட்டப்படுகிறார். நான் கிறித்தவன் அல்லன். மதமாற்றம் நிகழவேயில்லை என்று வாதிடவும் வரவில்லை. மூலநூலை மாற்றும் உரிமை இயக்குநருக்கு உண்டு என்பதிலும் எனக்கு ஐயமில்லை. ஆயினும், எந்த மனிதர் இந்தக் கதையை எழுதிவைத்ததனால் நமக்கு அது கிட்டிற்றோ, அந்த மனிதரின் சாயலையே கேலிப்பொருளாக்குவது உரிமையின் எல்லையைத் தாண்டிய செயல். பாட்டனாரின் சொத்துப் பத்திரத்தைக் காத்துவைத்த அண்டை வீட்டாரைத் திருடர் என்பதுபோல் ஆகும் அது.

மற்றொரு மாற்றமோ இதற்கு நேர்மாறான சிறப்புடையது. புதினத்தில் கருப்பனும் வள்ளியும் கணவன் மனைவியராய்ச் சேர்ந்தே மலையேறுகின்றனர். படத்தில் இராசா மட்டும் செல்ல, அங்கம்மா ஊரில் தங்கிவிடுகிறாள். இந்த ஒரு மாற்றத்தால் கதை முழுவதும் பாலைத்திணைக்கு வந்துவிட்டது. பொருள்வயிற் பிரிந்த தலைவன், ஆற்றியிருக்கும் தலைவி, இடையே கொடிய காடு என்று நாம் வகுப்பில் விளக்கும் அதே அமைப்பு. இயக்குநர் அகப்பொருள் இலக்கணம் எண்ணிச் செய்தாரோ இல்லையோ, தமிழ் மரபில் ஊறிய மனம் தானே அவ்வழியில் சென்றிருக்கிறது. பாலைப்பாட்டில் தலைவி காத்திருப்பது தலைவன் மீள்வான் என்னும் நம்பிக்கையால். இப்படத்தின் முடிவில் தலைவன் மீளவில்லை. தலைவி அவனைத் தேடி வந்து சேர்கிறாள். புதிதாக வந்த கூலிக்கூட்டத்தில், கையில் பிள்ளையோடு, முகமெல்லாம் மகிழ்ச்சியோடு அவள் நிற்க, பாறைமேல் இருந்த இராசா கண்டு கதறுகிறான். இருவரும் கூடுவது இன்பமாக வேண்டிய இடத்தில் பெருந்துன்பமாகிறது. சங்கப் பாடலைக் கற்பிப்பவர் இக்காட்சியை ஒருமுறை காண்பது நலம் என்பேன்.

எங்கள் ஊரில் இப்படத்தைப் பலரும் தனித்தனியே பார்த்திருந்தனர். எல்லாரும் கூடிப் பார்த்தது 2023ஆம் ஆண்டின் பள்ளி விடுமுறையில், ஒரு சனிக்கிழமை மாலை, எங்கள் பள்ளி மண்டபத்தில். தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டத்தக்க படமன்று ஆகையால் அவர்களை விலக்கி, பெற்றோரையும் இடைநிலைப்பள்ளியில் பயிலும் எம் முன்னாள் மாணவரையும் அழைத்திருந்தேன். மூடுபனி சன்னல்வரை வந்து நின்ற மாலை அது. கம்பளிச் சட்டையும் போர்வையுமாக அறுபது பேர் இருப்பர்.

படம் முடிந்ததும் முதலில் பேசியவர் காய்கறித் தோட்டம் வைத்திருக்கும் ஒரு தந்தையார். சினத்தோடு பேசினார். “ஐயா, என் மகன் பொறியியல் படிக்க விண்ணப்பம் போட்டிருக்கிறான். அவனை இருத்திவைத்து, நீ அடிமையின் பேரன் என்று காட்டத்தான் வேண்டுமா? தலைப்பே பரதேசி!” என்றார். பரதேசி என்னும் வடசொல்லுக்குப் பிறதேயத்தான் என்பதே முதற்பொருள் என்றும், இரப்போன் என்னும் இழிபொருள் பின்னர் ஏறியது என்றும் விளக்கினேன். “பொருள் உங்கள் அகராதியில் எப்படியோ; எங்களைத் திட்டியவர்கள் அகராதி பார்த்துத் திட்டவில்லை” என்றார். அதற்கு மேல் சொல்லாராய்ச்சி செய்ய எனக்கு வாய் எழவில்லை.

எண்பதைத் தாண்டிய மூதாட்டி ஒருவர் கொழுந்து பறித்தே மக்களை வளர்த்தவர். அவரது குறை வேறு. “ஏன் வாத்தியாரய்யா, ஊர்ல இருக்கிறவரைக்கும் சிரிக்கிறாங்க, மலைக்கு வந்தப்புறம் ஒருத்தரும் சிரிக்கலையே. நாங்க சிரிக்காமலா இருந்தோம்?” என்று கேட்டார். விடியலில் பெரட்டுக்கு நிற்கையில் கிராணியின் நடையைப் பார்த்துத் தாம் அடித்த கேலியை அவர் சொல்ல, மண்டபமே நகைத்தது. கூடை கனத்த முதுகோடும் பாடிய பாட்டு, ஆயாக் கொட்டகையில் விட்டுவந்த பிள்ளை, திருவிழாவுக்கு எடுத்த சேலை என்று அவர் அடுக்கிக்கொண்டே போனார். திறனாய்வாளர் எவரும் இக்குறையைச் சொல்லி நான் கேட்டதில்லை. துன்பத்தை மட்டும் காட்டினால், துன்புற்றவர் வெறும் உடம்பாகச் சுருங்கிவிடுகின்றனர். அவரது கேள்வி தந்தையாரின் சினத்துக்கும் ஒருவகையில் விடையாயிற்று. சிரிக்கத் தெரிந்த பாட்டியின் பேரன் என்று சொல்லிக்கொள்வதில் எவருக்கும் நாணம் இராதல்லவா?

நடுவயதினர் சிலர் வரலாற்றுப் பிழை கண்டனர். ‘நம்மவர் நடந்து வரவில்லை, நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி, பினாங்குக்கு அருகே புலாவ் ஜெரெஜாக் தீவில் தொற்றுநோய்த் தடுப்புக்காகத் தங்கி, பிறகு தோட்டம் சேர்ந்தவர்’ என்றனர். உண்மையே. படம் ஆனைமலையைப் பற்றியது. எங்கள் மலையைப் பற்றியதன்று. ரஸ்ஸல் என்பார் போ தேயிலைத் தோட்டத்தை இங்கு நிறுவியது 1929இல்தான். இந்திய அரசு 1938இல் மலாயாவுக்குக் கூலியாட்கள் அனுப்பப்படுவதைத் தடுத்துவிட்டது. ஆகவே கங்காணி முறையின் கடைசிப் பத்தாண்டையே இம்மலை கண்டது. என் பாட்டனாரும் பேராக்கின் பால்மரக் காட்டில் வேலை செய்துவிட்டு மேலே வந்தவரே. ஆனால் முன்பணமும் பற்றுக் கணக்கும் நடந்து வந்தவருக்கும் கப்பலில் வந்தவருக்கும் பொதுவாகவே இருந்தன.

இளைஞர் பெரும்பாலும் வாய் திறக்கவில்லை. நோய்க் காட்சிகளில் மட்டும் அவர்களிடையே ஓர் அசைவு தெரிந்தது. 2020 மார்ச்சு 18இல் தொடங்கிய நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையை அவர்கள் குழந்தைப் பருவத்தில் கண்டவர்கள். “முதலில் பார்த்தபோது இந்தப் பகுதி மிகைப்படுத்தியது என்று நினைத்தேன், சார். இப்போது அப்படித் தோன்றவில்லை” என்று ஒரு மாணவி சொன்னாள். கோலாலம்பூரில் மறைந்த தம் பெரியப்பாவின் முகத்தைக் கடைசியாகக் காண அவளுடைய குடும்பத்தார்க்கு இயலவில்லை என்பதை நான் அறிவேன்.

அன்று மண்டபத்தின் பின்வாயிலில், அழைக்காமலே வந்து நின்ற இருவரைப் பற்றியும் சொல்லவேண்டும். தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்யும் வங்காளதேசத்து இளைஞர் அவர்கள். இப்பொழுதெல்லாம் இம்மலையில் கொழுந்து எடுப்போர் பெரும்பாலும் வெளிநாட்டார். எங்கள் பாட்டிமார் விரலால் கிள்ளிய இடத்தில் கத்தரியும் இயந்திரமும் ஓடுகின்றன. இந்நாட்டின் பல துறைகளுக்கு வருவோர் முகவர்க்குப் பெருந்தொகை கொடுக்கக் கடன்பட்டு வருவதும், அக்கடன் தீரும்வரை ஊர் திரும்ப மாட்டாமல் தவிப்பதும் பலமுறை செய்தித்தாள்களில் வந்தவையே. இவ்விருவரும் எவ்வாறு வந்தனர் என்று நான் கேட்கவில்லை. தமிழில் ஒரு சொல்லும் அறியாத அவர்கள் இரண்டு மணிநேரம் நின்றவாறே பார்த்தனர். நாற்காலி கொடுத்தும் அமரவில்லை.

விவாதம் முடிந்து கூட்டம் கலைந்தபின், விளக்கை அணைக்கச் சென்ற என்னிடம் அவருள் இளையவர் தயங்கியபடி வந்தார். கடைசியில் பிள்ளையோடு வந்த பெண்ணைப் பற்றி மலாயில் ஒரு கேள்வி கேட்டார். “அவளும் உள்ளே வந்துவிட்டாளா?”

ஆம் என்றேன். அவர் தம் தோழருக்கு அதை வங்கமொழியில் சொன்னார். இருவரும் பனியில் இறங்கித் தோட்டத்துப் பாதையில் நடந்தனர்.