படம் வேண்டாம், அட்டை வேண்டும்

கொரோனா காலத்தில் சேவை செய்த சங்கங்களுக்குக் கேடயம் கொடுத்துப் பாராட்டும் விழாக்கள் நம் பகுதியில் நிறைய நடந்துவிட்டன. எங்கள் மன்றத்தை எதற்கும் அழைத்ததில்லை. அதில் வருத்தமும் இல்லை. ஆனால் அந்த இரண்டு வருடத்தில் சேரியில் இருந்த ஒரு மன்றம் என்ன செய்தது, எங்கே தவறியது என்பதை நாங்களே எழுதி வைக்காவிட்டால் வேறு யாரும் எழுதப்போவதில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

குடவாசலைச் சுற்றியுள்ள பல கிராமங்களைப் போலத்தான் எங்கள் கிராமமும். ஊர் ஒரு பக்கம், வாய்க்காலைத் தாண்டி எங்கள் காலனி. மன்றம் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். தகரக் கூரை போட்ட ஓர் அறை, நீலம் அடித்த சுவர், அம்பேத்கர் படம், ஒரு கேரம் போர்டு, ஓர் அலமாரி நிறையப் புத்தகம். சாயங்காலம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்போம். வருடா வருடம் ஏப்ரல் 14 கொண்டாடுவோம். அவ்வளவுதான்.

2020 மார்ச் 24 இரவு ஊரடங்கு வந்தது. டெல்டாவில் அது எந்த மாதிரியான நேரம் என்று தெரிந்தவர்களுக்குத்தான் அதன் கஷ்டம் புரியும். சம்பா, தாளடி அறுவடை முடிந்துவிட்டது. அறுவடையையே இப்போது மெஷின்தான் செய்கிறது. எங்கள் பெண்களுக்கு மிஞ்சுவது உளுந்து, பயறு பிடுங்கும் வேலை. விவசாய வேலைக்குத் தடையில்லை என்று சில நாட்களில் அரசு அறிவித்தது உண்மைதான். ஆனால் அந்த வேலை எத்தனை நாளைக்கு வரும்? திருப்பூருக்கும் சென்னைக்கும் போன பையன்கள் அனுப்பும் பணம் நின்றது. நூறு நாள் வேலையும் நின்றது.

ஏப்ரல் 14-க்கு வீட்டுக்கு வீடு வசூலித்த பணம் கையில் இருந்தது. மைக் செட், கொடி, பிள்ளைகளுக்குப் பரிசு என்று கணக்குப் போட்டு வைத்திருந்தோம். கூட்டம் கூடக் கூடாது. அதே ஏப்ரல் 14 அன்றுதான் ஊரடங்கை மே 3 வரை நீட்டிப்பதாகப் பிரதமர் அறிவித்தார். நாங்கள் நாலு பேர் மட்டும் மன்றத்துக்குப் போய்ப் படத்துக்கு மாலை போட்டோம். மீதிப் பணம் முழுவதற்கும் அரிசி வாங்கினோம். முடியாத வீடுகளுக்கு ஆளுக்கு ஐந்து கிலோ. அது ஒரு வாரத்துக்குக்கூடக் காணவில்லை.

அந்தச் சமயத்தில்தான் நகரத்தில் இருந்து ஒரு சேவைச் சங்கத்தார் தொடர்புகொண்டார்கள். மளிகைப் பை தருகிறோம் என்றார்கள். சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு விவரம் சொன்னார்கள். வண்டி காலனிக்குள் வராது, மெயின் ரோட்டிலேயே நிற்கும். எல்லோரும் வரிசையாக வந்து, பையைக் கையில் பிடித்தபடி பேனருக்கு முன்னால் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். ஊர்த்தெருவில் கொடுத்தபோது வீடு வீடாகப் போய்க் கொடுத்ததை நாங்கள் பார்த்திருந்தோம். அங்கே படமும் எடுக்கவில்லை.

'காலனிக்குள் வாருங்கள், படம் வேண்டாம்' என்றோம். அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. அப்படியானால் பையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். அன்று இரவு எங்களுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மறுநாள் காலையில் ஓர் ஆயா மன்றத்து வாசலுக்கே வந்துவிட்டார்.

"ஏண்டா தம்பி, ஒங்க ரோசத்தையா நான் ஒலையில போடுறது? வேணாம்னு சொல்லுறதுக்கு முன்னாடி என்னைய ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

எங்களிடம் பதில் இல்லை. அவர் வீட்டில் மகன், மருமகள், இரண்டு பேரப்பிள்ளைகள். மகன் கேரளாவில் மாட்டிக்கொண்டிருந்தான். அந்த நிபந்தனைகளை இன்றைக்கும் நாங்கள் தீண்டாமை என்றுதான் சொல்வோம். ஆனால் பசித்தவரைக் கேட்காமல் பசித்தவருக்காக முடிவெடுத்தோமே, அதற்கு என்ன பெயர்? காலனிக்காகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு காலனியைக் கேட்காமல் விட்டுவிட்டோம். இதை மறைக்க நாங்கள் விரும்பவில்லை.

அன்றே ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனோம். வீட்டில் எத்தனை பேர், ரேஷன் அட்டை உண்டா, நூறு நாள் அட்டை உண்டா, மாத்திரை சாப்பிடுபவர்கள் யார், வெளியூரில் மாட்டியிருப்பவர்கள் யார் என்று எழுதினோம். அந்த ஆயா வீட்டில்தான் முதலில் உட்கார்ந்தோம். அப்போதுதான் ஒன்று தெரிந்தது. ஏப்ரலில் அரிசி அட்டைதாரர்களுக்கு அரசு 1,000 ரூபாயும், விலையில்லாமல் அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரையும் கொடுத்தது. கல்யாணமாகித் தனியாகப் போன பல குடும்பங்களுக்கு அதில் ஒரு மணி அரிசிகூட வரவில்லை. அவர்களுக்குத் தனி அட்டையே இல்லை.

ஏன் இல்லை? அப்பா அட்டையில் இருந்து பெயர் நீக்க வேண்டும். வீட்டு வரி ரசீது வேண்டும், இல்லாவிட்டால் கரண்ட் பில் வேண்டும். புறம்போக்கில் குடிசை போட்டவனுக்குப் பட்டா ஏது, வரி ரசீது ஏது? பரம்பரையாக அடுத்தவன் நிலத்தில் வேலை செய்தவர்களுக்குக் குடியிருக்கும் இடத்துக்கே காகிதம் இல்லை. காகிதம் இல்லாததால் அட்டை இல்லை. அட்டை இல்லாததால் நிவாரணம் இல்லை. பேரிடர் வந்தால் எங்கள் அடுப்பு மட்டும் ஏன் முதலில் அணைகிறது என்பதற்கு அந்த நோட்டிலேயே பதில் இருந்தது.

அதே ஏப்ரலில், தன்னார்வலர்கள் யாரும் நேரடியாக உதவிப் பொருள் கொடுக்கக் கூடாது என்று தமிழக அரசு சொன்னது. விஷயம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அதிகாரிகளுக்கு முன்கூட்டியே தெரிவித்துவிட்டு நிபந்தனைகளோடு கொடுக்கலாம் என்று நீதிமன்றம் அனுமதித்தது. நாங்களும் தெரிவித்துவிட்டு, வெளியூர் தோழர்கள் வாங்கிக் கொடுத்த அரிசியைப் பட்டியல்படி இருட்டிய பிறகு வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்தோம். பக்கத்து வீட்டுக்கு என்ன கொடுத்தோம் என்பது இந்த வீட்டுக்குத் தெரியாது. இன்னொரு பக்கம், அட்டை இல்லாத ஒவ்வொரு குடும்பத்துக்கும் மனு எழுதினோம். இ-சேவை மையம் திறந்ததும் விண்ணப்பம் போட்டோம். திரும்பி வந்ததை மறுபடியும் போட்டோம்.

ஜூன் 12 அன்று மேட்டூர் அணை திறந்தார்கள். பல ஆண்டுகள் கழித்து வழக்கமான தேதியில் திறந்த வருடம் அது. வாய்க்காலில் தண்ணீர் வந்ததும் குறுவை நடவுக்குப் பெண்கள் இறங்கினார்கள். நூறு நாள் வேலையும் மெல்ல நடக்க ஆரம்பித்திருந்தது. கூலி வந்ததும் யாரும் அரிசி கேட்டு மன்றத்துக்கு வரவில்லை. பசியைத் தீர்த்தது எங்கள் பையும் இல்லை, அவர்கள் பையும் இல்லை. வேலையும் கூலியும்தான்.

பிள்ளைகள் விஷயம் அப்படி முடியவில்லை. கல்வித் தொலைக்காட்சியில் பாடம் ஓடியது. ஆனால் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை பள்ளி திறந்தது 2021 நவம்பர் 1 அன்றுதான். அதுவரை காலேஜ் படிக்கும் எங்கள் தங்கைகள் மன்றத்து வாசலில் ஐந்து ஐந்து பேராக உட்காரவைத்துப் பாடம் நடத்தினார்கள். அப்படியும் சில பிள்ளைகள் வேலைக்குப் போனவர்கள் போனவர்கள்தான். அந்தக் கணக்கில் நாங்கள் தோற்றோம்.

2021 மே மாதம் இரண்டாம் அலை. புதிய அரசு அட்டைக்கு 4,000 ரூபாயை இரண்டு தவணையாகவும், ஜூனில் 14 வகை மளிகைப் பொருட்களும் கொடுத்தது. ஆயாவின் மகன் குடும்பம் அதற்குள் தனி அட்டை வாங்கியிருந்தது. ரேஷன் கடையில் இருந்து பையோடு வந்த அந்த ஆயா மன்றத்து வாசலில் நின்றார். "இதுக்கு யாரும் படம் புடிக்கலடா" என்று சிரித்தார். எங்களுக்குக் கிடைத்த கேடயம் அதுதான்.

அதே மே மாதத்தில், பக்கத்தில் போகவே எல்லோரும் பயந்த உடல்களுக்குக் குழி வெட்டியது யார்? மூடிய தெருக்களில் குப்பை அள்ளியது யார்? நம் ஆட்கள்தான். 2020 மார்ச்சில் துப்புரவுப் பணியாளர்களைத் 'தூய்மைப் பணியாளர்கள்' என்று அழைக்கச் சொல்லி அரசு அறிவித்தது. பெயர் மாறியது நல்லது. அள்ளும் கை மாறவில்லை. மற்றவர்கள் செய்தால் சேவை, நாம் செய்தால் அது நம் வேலை என்று ஆக்கிவைத்திருக்கிறார்கள்.

இந்தத் தஞ்சை மண்ணில்தான் 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். அவர்கள் யாரிடமும் தானம் கேட்கவில்லை, கூலி கேட்டார்கள். கை நீட்டினால் இங்கே கொடுப்பார்கள். கணக்குக் கேட்டால்தான் கோபம் வரும்.

ஒவ்வொரு காலனி மன்றத்துக்கும் நாங்கள் சொல்வது ஒன்றுதான். புயல், வெள்ளம், நோய் எது வந்தாலும் வரும் முன்னரே ஒரு நோட்டுப் போடுங்கள். யாருக்கு அட்டை இல்லை, யாருக்குப் பட்டா இல்லை என்று எழுதுங்கள். யாராவது உதவி கொண்டுவந்தால் வாங்குவதா வேண்டாமா என்பதை அந்த நோட்டில் பெயர் இருப்பவர்களைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

எங்கள் நோட்டில் இன்னும் சில பெயர்கள் அடிக்கப்படாமல் இருக்கின்றன. வேலை நடக்கிறது.

ஜெய்பீம்.