கம்பளி நூல்

யாழ்ப்பாணத்துக் குளிர் மார்கழிப் பனியோடு முடிந்துவிடும். ஆயினும் நகரிலிருந்த அச்சிறு நூற்கடையில் கம்பளி நூலுக்கு எப்போதும் ஆளிருந்தது. பேரப்பிள்ளைகள் ரொறன்ரோவிலும் ஒஸ்லோவிலும் அல்லவா பிறந்தார்கள்!

2006 ஆகஸ்டில் ஏ-9 வீதி மூடப்பட்டது. அரிசிக்கும் மாவுக்குமே கப்பலை எதிர்பார்த்திருந்த நாட்களில் கம்பளி நூலை யார் ஏற்றுவார்? கடையின் தட்டுகள் வெறுமையாயின. நூல் கேட்டு வந்த ஓய்வுபெற்ற ஆசிரியையிடம் கடைக்கார அம்மா, "ரீச்சர், பழைய சுவெற்றரைப் பிரியுங்கோ. நூலை நனைச்சு, பாரங்கட்டித் தொங்கவிட்டால் நெளிவு போயிடும்" என்றார். அதனால் அவருக்கு ஒரு சதமும் வருமானமில்லை. (பத்திரிகையின் வணிகப் பக்கத்தில் நாங்கள் எழுதாத செய்தி.)

நுவரெலியாவில் உத்தியோகம் பார்த்த காலஞ்சென்ற கணவரின் சுவெற்றர் அவ்வாறு பிரிந்து பேரனுக்குத் தொப்பியாயிற்று. எப்போது போய்ச் சேருமென்று யாரறிவார்? ஒரு வயதுப் பிள்ளைக்கு மூன்று வயது அளவில் பின்னியிருந்தார்.