முதலில் உட்கார்ந்து கணக்குப் பார்ப்போம்



வாலிபர் ஒருவர் அண்மையில் என்னிடம் ஒரு கேள்வியோடு வந்தார். சூலூரிலிருந்து கோயம்புத்தூருக்கு இரவுப் பணிக்குச் செல்பவர் அவர். சேமித்த பணத்தில் பழைய போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. கார் ஒன்றை வாங்கியிருந்தார். "எஞ்சினை ட்யூன் செய்ய விரும்புகிறேன் ஐயா. கையில் நாற்பதாயிரம் ரூபாய்தான் இருக்கிறது. முழுவதையும் ரீமேப்புக்குக் கொடுத்துவிடு என்கிறார்கள் நண்பர்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்டார். வாலிப நாட்களில் நான் மோட்டார் பட்டறையில் வேலை கற்றவன் என்பதை அவர் அறிவார்.

வேகத்தின்மேல் வைத்த ஆசையைக் குற்றமென்று சொல்லி அவரை அனுப்பிவிட எனக்கு மனமில்லை. ஆனால் ஒன்றை நினைத்துப் பாருங்கள். பணம் படைத்தவனுக்கு ஓர் எஞ்சின் உடைந்தால் அது நஷ்டம். இவருக்கோ அது வேலைக்குப் போகும் வழியே அடைபடுவது. நள்ளிரவில் பணி முடிந்து திரும்பப் பேருந்து இல்லை. ஆகையால் அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்லுகிறேன்: பணம் குறைவாயிருந்தால் நாம் குறைக்க வேண்டியது இலக்கை, பாதுகாப்பை அல்ல.

ரீமேப் என்பது என்ன? எஞ்சினை ஆளும் கணினியில் எழுதப்பட்ட அளவுகளை மாற்றுவதே அது. டர்போ எவ்வளவு காற்றை அழுத்த வேண்டும், எவ்வளவு பெட்ரோல் தெளிக்க வேண்டும், எந்தக் கணத்தில் பொறி எழ வேண்டும் என்பவையே அந்த அளவுகள். காற்றழுத்தம் கூடினால் பலம் கூடும்; கூடவே வெப்பமும் கூடும். அளவு மீறினால், பிளக்கின் பொறி ஏற்றிய தீ பரவி வந்து சேருமுன்னே, மீதியிருக்கும் கலவை தானாகவே வெடித்துவிடும். இதையே நாக்கிங் என்கிறோம். அந்த அடி தொடர்ந்து விழுந்தால் பிஸ்டனில் ரிங்குகளைத் தாங்கும் விளிம்புகள் உடைந்துபோகும். அதைக் கேட்பதற்கென்றே எஞ்சினில் ஒரு சென்சார் இருக்கிறது. அது எச்சரித்தவுடன் கணினி பொறியைத் தாமதப்படுத்தி எஞ்சினைக் காக்கும். இந்தக் காவலனின் காதை அடைத்துவிட்டு அதிகக் குதிரைத்திறன் காட்டுகிறவரை நம்பாதீர்கள்.

ஆகவே முதல் செலவு பலத்திற்கு அல்ல, உண்மையை அறிவதற்கு. ஒவ்வொரு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் அளந்து பாருங்கள். நான்கு எண்களும் ஒன்றுக்கொன்று நெருங்கியிருக்க வேண்டும். ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். நோயுற்ற எஞ்சினுக்குச் சுமை கூட்டுவது மருத்துவம் அல்ல. பிளக், காயில், ஏர் ஃபில்டர், எண்ணெய், கூலன்ட், டர்போவின் காற்றுக் குழாய்கள் ஆகியவற்றை அதன்பின் சோதியுங்கள். பிரேக்கும் டயரும் இந்தப் பட்டியலில் கடைசியில் வருபவை அல்ல. கூடுதல் வேகத்தை நிறுத்த வழியில்லாதவன் அதை வாங்கக் கூடாது.

இரண்டாவது, நீங்கள் ஊற்றும் பெட்ரோலை நினைவில் கொள்ளுங்கள். தூய பெட்ரோல் ஒரு பங்கு முற்றிலும் எரிய ஏறக்குறைய 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 பங்கு போதும். அதாவது, எத்தனால் கலந்த எரிபொருளை அதே காற்றுக்கு அதிகமாகத் தெளிக்க வேண்டும். நம் நாட்டிலோ 20 சதவீத எத்தனால் கலப்பு வந்துவிட்டது. வேறொரு நாட்டின் பெட்ரோலுக்கு எழுதிய மேப்பை மலிவாகக் கிடைக்கிறதென்று அப்படியே ஏற்றுவது, வேறொருவருக்கு எழுதிய மருந்துச் சீட்டை நாம் வாங்கி உண்பதற்கு ஒப்பாகும். எந்த பங்க்கில், எந்தப் பெட்ரோல் போடுவீர்கள் என்று கேளாமல் வேலையைத் தொடங்குகிறவரிடம் உங்கள் காரை விடாதீர்கள்.

மூன்றாவது, எங்கே நிற்பது என்பதை முன்னரே தீர்மானியுங்கள். இந்தக் காரின் 1.2 லிட்டர் எஞ்சின் 105 குதிரைத்திறனும் 175 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் தருவது. அதனோடு இணைந்த ஏழு கியர் டி.எஸ்.ஜி. பெட்டியோ ஏறக்குறைய 250 நியூட்டன் மீட்டர் வரைக்கும் என வகுக்கப்பட்டது. அதன் கிளட்சுகள் எண்ணெயில் நனையாதவை. ஆகவே எஞ்சின் தாங்கும் என்பது மட்டும் போதாது. சங்கிலியின் பலம் அதன் பலவீனமான கண்ணியில்தான் இருக்கிறது. எல்லையைத் தொடாமல், அதற்கு நன்றாகக் கீழே நிற்பவரே நெடுந்தூரம் ஓட்டுவார்.

வேலையை டைனோவில் செய்யச் சொல்லுங்கள். மாற்றுவதற்கு முன் ஓர் அளவு, மாற்றியபின் ஓர் அளவு எடுக்க வேண்டும். நாக்கிங், காற்றின் வெப்பம், எரிபொருள் விகிதம் ஆகியவற்றின் பதிவுகளைக் கேட்டு வாங்குங்கள். பழைய மேப்பைப் பத்திரமாக வைத்திருந்து, வேண்டும்போது திரும்ப ஏற்றித் தருவாரா என்றும் கேளுங்கள். நாலைந்து பேர் சேர்ந்து ஒரே நாளில் டைனோவை வாடகைக்கு எடுத்தால் செலவு பங்காகும். சிக்கனம் செய்ய இதுவே சரியான இடம்.

சட்டத்தையும் மறவாதீர்கள். உற்பத்தியாளர் குறித்த விவரங்களிலிருந்து வாகனம் மாறுபடுவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. காப்பீட்டு நிறுவனத்திடம் எதையும் மறைக்காதீர்கள். புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கழற்றாதீர்கள். அது பிறர் சுவாசிக்கும் காற்று. முழுவேகம் காண வேண்டுமானால் செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. அவிநாசி சாலை அதற்கான இடமல்ல.

அந்த வாலிபர் என்ன செய்தார்? முதலில் சோதனை செய்தார். கம்ப்ரஷன் நன்றாயிருந்தது. ஆனால் பிளக்குகள் தேய்ந்திருந்தன, ஒரு காயில் தளர்ந்திருந்தது, டர்போவின் குழாய் இணைப்பு ஒன்றில் காற்றுக் கசிந்தது. அவற்றைச் சரிசெய்து பிரேக் பேடுகளையும் மாற்றியபோது பாதிப் பணம் தீர்ந்தது. காரை ஓட்டிப் பார்த்தவர், தாம் விலைகொடுத்து வாங்க நினைத்த பலத்தில் ஒரு பகுதி தம் காருக்குள்ளேயே தொலைந்து கிடந்ததைக் கண்டார். ரீமேப்பை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைத்தார். இடைப்பட்ட மாதங்களில் எந்த இரவும் அவர் பணிக்குப் போகாமல் நின்றதில்லை.

கோபுரம் கட்ட மனதுள்ளவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்ப்பதைக் குறித்த உவமையை நீங்கள் அறிவீர்கள். அந்த மனிதனைக் கட்டாதே என்று யாரும் தடுக்கவில்லை. அவன் உட்கார வேண்டும் என்பதே காரியம். உட்காருவதற்குச் செலவில்லை, பொறுமை மட்டுமே வேண்டும். புதிதாக ஒன்றைக் கூட்டிக்கொள்ளத் துடிக்கும்போது, ஏற்கெனவே கையிலிருப்பது எந்நிலையில் இருக்கிறதென்று இந்த வாரம் ஒருமுறை சோதித்துப் பாருங்கள். கசிகிற இடத்தை அடைத்தாலே நமக்குப் போதுமானது கிடைத்துவிடக்கூடும்.