மூன்றாவது கருவி

எங்கள் மகன் தந்திக் கருவிகளைத் தேடிச் சேர்ப்பவன். விழுப்புரத்தில் எங்கள் இல்லத்தில் எட்டுத் தந்திகள் கொண்ட மாண்டலின் ஒன்றும், அதைவிடப் பெரிய, தாழ்ந்த சுருதியுடைய மாண்டோலா ஒன்றும் இருந்தன. மூன்றாவதாக, மின்சாரம் வேண்டாத அகூஸ்டிக் பேஸ் கிதார் ஒன்றை வாங்க விரும்பினான். மார்க்கத்தையும் வீட்டுக் கணக்கையும் ஒருசேர எண்ணிப் பார்க்க வேண்டியவர்களானோம்.

மாண்டலின், லூட் என்னும் ஐரோப்பியக் கருவியின் வழிவந்தது. லூட் என்ற பெயரோ அரபியின் ‘அல்ஊத்’ என்பதிலிருந்து பிறந்தது. ஊத் என்றால் மரம். நம் வீடுகளில் மணக்கும் ஊதும் இதே சொல்தான். ஆயினும், முஸ்லிம்கள் போற்றி வளர்த்த கருவி என்பதாலேயே அது ஆகுமானதாகிவிடாது. நான்கு மத்ஹபுகளின் பெரும்பான்மை அறிஞர்கள் தந்திக் கருவிகளைத் தடுத்துள்ளனர். இசை கேட்பது குறித்து விரிவாக எழுதிய இமாம் கஸ்ஸாலியும் அவற்றை விலக்கினார்கள். அந்தலூசியாவின் இப்னு ஹஸ்ம் அனுமதித்தார்கள். இதில் தீர்ப்புக் கூறும் தகுதி எங்களுக்கில்லை. திண்டிவனத்தில் வாழும் மகனின் நன்னி, பெரும்பான்மைக் கருத்தில் உறுதியானவர்கள். அவர்கள் எங்களோடு தங்கும் நாள்களில் கருவிகள் உறைக்குள்ளேயே இருக்கும்.

இச்செய்தியை அவர்களிடமும் சொன்னோம். “என் கருத்து உனக்குத் தெரியும். இருக்கிற இரண்டில் எதைத் தினமும் எடுக்கிறாய் கண்ணு?” என்று மட்டும் கேட்டார்கள். மாண்டலின் என்றான். மாண்டோலா மாதக்கணக்கில் உறை பிரிக்கப்படாமல் கிடந்தது.

அந்தக் கேள்வி எங்களுக்கு வழிகாட்டியது. மாண்டலின் குடும்பத்தில் மாண்டோலா, மாண்டோசெல்லோ, மாண்டோபேஸ் என அளவுகள் நீள்கின்றன. ஒன்றை வாங்கினால் அடுத்தது கண்ணில் நிற்கும். பேஸ் கிதாரின் தடித்த தந்தி நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்வது. சிறிய பெட்டியால் அவ்வொலியை எழுப்ப இயலாது. ஆகவே கருவி பெரியது, இடமும் மிகுதியாக வேண்டும். நேரில் ஒலித்துப் பாராமல் வாங்கத் தக்கதன்று. ஒரு கடையில் தவணைக்குத் தருவதாகக் கூறினர். தவணையோடு வட்டியும் இருந்தது. அத்துடன் எழுந்து வந்துவிட்டோம்.

நம் மாவட்டத்திலேயே, ஆரோவில்லைச் சேர்ந்த கோட்டக்கரையில், 2003 முதல் இயங்கும் ஸ்வரம் பட்டறைக்கு மகனை அழைத்துச் சென்றோம். மரத்தாலும் உலோகத்தாலும் புதுமையான கருவிகளைச் செய்கிறார்கள். இத்தனை உழைப்பில் உருவாவது அடுக்கி வைப்பதற்கன்று என்பதை அவன் கண்டுகொண்டான்.

பின்னர் எங்களுக்குள் ஓர் உடன்பாடு செய்தோம். பயன்படாத ஒன்று வீட்டைவிட்டுப் போன பின்பே புதியது வரும். வட்டி இல்லை, சேமிப்பு மட்டுமே. பாங்கு ஒலித்தால் வாசிப்பு நிற்கும். சொந்தப் பயன்பாட்டுக் கருவிக்கு ஸகாத் இல்லை. ஆனால் இலாபத்துக்கு விற்கவென்றே வாங்கினால் அது வணிகப் பொருள். நிஸாபை எட்டி ஓராண்டு நிறைந்தால் 2.5 விழுக்காடு கடமையாகும். கருவிக்கென ஒதுக்கிய சேமிப்பும் ஸகாத் கணக்கில் சேரும்.

மாண்டோலா இப்போது கற்க விரும்பிய ஒருவரின் கையில் இருக்கிறது. சேமிப்பு மெல்ல வளர்கிறது. பேஸ் கிதார் இன்னும் வரவில்லை. வீண்விரயத்திலிருந்து நம் இல்லங்களை அல்லாஹ் காப்பானாக. நம் பொருளிலும் பொழுதிலும் பரக்கத் செய்வானாக. ஆமீன்.