கேளாமல் அளித்த தீர்ப்பு

பிறர் பொருளைத் தொடலாகாது எனப் பிள்ளைகளுக்குப் போதிப்பது பெற்றோர் கடமை. ஆனால் விசாரியாமல் தீர்ப்பிடுவதும் ஒரு குற்றமே என்பதை ஆரம்பாக்கத்தில் என் இல்லத்திலேயே கற்றுக்கொண்டேன்.

என் மூத்த மகள் பள்ளியிறுதி ஆண்டில் பெற்ற அரசின் மடிக்கணினியில், ஒரு சனிக்கிழமை மாலை, என் மகன் விளையாடிக்கொண்டிருந்தான். திரையில் ஒரு கறுப்புக் கோலி உருண்டது. அது முட்டியதும் ஒரு கல் திறந்து தன் நிறத்தைக் காட்டிற்று. அதே நிறமுள்ள இணைக்கல்லை அடுத்துத் தேடி முட்ட வேண்டும். வேறு கல்லை முட்டினால் முதற்கல் மூடிக்கொள்ளும். வழியிலே நீரும் பள்ளமும் கோலியை விழுங்கக் காத்திருந்தன.

“இதற்கு எவ்வளவு கொடுத்தாய்?” என்றேன்.

“ஒன்றும் கொடுக்கவில்லை, அப்பா.”

“கொடாமல் எடுப்பதற்குப் பெயர் களவு” என்று கூறி, அவன் மறுமொழி சொல்லுமுன் கன்னத்தில் அறைந்துவிட்டேன். அவன் அழவில்லை, கணினியை மூடிவிட்டு எழுந்து போனான்.

மறுநாள் திருப்பலியில் சமாதானம் பகிரும் வேளையில் அவன் என் பக்கம் திரும்பவில்லை.

அன்று மாலை மகள்தான் விளக்கினாள். அவ்விளையாட்டின் பெயர் எனிக்மா. 1990-இல் அட்டாரி கணினிக்கென வெளிவந்த ஆக்ஸிட் என்னும் பழைய விளையாட்டே அதற்கு முன்மாதிரி. ஆக்ஸிடைப் படியெடுத்துப் பிறருக்குக் கொடுக்கத் தடையில்லை. ஆயினும் தொடர்ந்து முன்னேற வேண்டிய குறியீடுகளை விலைகொடுத்து வாங்கும் நூலில்தான் காண முடியும். எனிக்மாவிலோ அந்தப் பூட்டும் இல்லை. ஆர்வலர் பலர் கூடி ஆயிரத்துக்கு மேற்பட்ட புதிர்களை அமைத்து, நிரலின் மூலத்தையும் திறந்தே வைத்திருக்கின்றனர். எவரும் எடுக்கலாம், திருத்தலாம், பிறருக்கு அளிக்கலாம். முக்கிய நிபந்தனை: திருத்தி அளிப்பவர், தாம் பெற்ற அதே உரிமையைப் பெறுபவருக்கும் அளிக்க வேண்டும்.

நான் வெட்கினேன். பழவேற்காட்டு ஏரிக்கரையில் வாழும் எனக்கு இது விளங்காமற் போனதே! இங்குள்ள மீனவ ஊர்களில் ‘பாடு’ என்னும் முறை வழிவழியாக உண்டு. ஏரிநீரை எவரும் விலைக்கு வாங்கியதில்லை. பாட்டில் உரிமையுள்ள குடும்பத்தார், எவர் எங்கே வலை கட்டுவது எனச் சீட்டெடுத்தும் முறைவைத்தும் வகுத்துக்கொள்கின்றனர். விலையில்லாததெல்லாம் களவுமல்ல, ஒழுங்கற்றதுமல்ல. ஒருவர் பிடித்த மீன் மற்றவர்க்கு இல்லை. ஆதலால் ஏரியில் முறை வேண்டும். நிரலோ, எத்தனை பேர் எடுத்தாலும் குறைவதில்லை. ஆகவே தடுப்பதற்கன்று, தொடர்ந்து கொடுப்பதற்கே அங்கு விதி செய்தனர்.

இரவு உணவுக்கு முன் மகனை அழைத்தேன். “நான் கேட்டிருக்க வேண்டும், தம்பி. என்னை மன்னித்துவிடு” என்றேன். தந்தையின் வாயிலிருந்து அச்சொல் எளிதில் வருவதில்லை. அவன் சற்று நேரம் நின்றான். பின்பு கணினியைத் திறந்து எனக்கும் இடம் விட்டு அமர்ந்தான்.

என் கோலி முதல் நிலையிலேயே நீரில் மூழ்கிற்று. அவன் சிரித்தான். காலையில் ஆலயத்தில் கிடைக்காத சமாதானத்தை ஆண்டவர் அந்தச் சிரிப்பிலே எனக்கு அருளினார்.