குன்றின் மேல் ஒரு விசாரணை

வாஷிங்டன் நகரத்தின் யூனியன் ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்கி வெளியே வந்ததும், எதிரே மரங்களுக்கு மேலாக வெள்ளை வெளேரென்று ஒரு பெரிய கும்மட்டம் தென்படுகிறது. பளிங்கில் கட்டியது என்றே பார்ப்பவர்கள் எண்ணுவார்கள். உண்மையில் அது வார்ப்பிரும்பு. வெள்ளை வர்ணம் பூசி வைத்திருக்கிறார்கள். உள்நாட்டு யுத்தம் மும்முரமாக நடந்துகொண்டிருந்த 1863-ஆம் வருஷம் டிசம்பரில் அதன் உச்சியில் சுதந்திர தேவியின் சிலையை ஏற்றினார்கள். தரையிலிருந்து அந்தச் சிலையின் முடி வரையில் 288 அடி உயரம். அதன் கீழேதான் அமெரிக்காவின் காங்கிரஸ் கூடுகிறது. காங்கிரஸ் என்றதும் நேயர்கள் நம்முடைய காங்கிரஸ் மகாசபையை நினைத்துக்கொள்ள வேண்டாம். அந்த நாட்டில் சட்டசபைக்கே அதுதான் பெயர்.

அந்த மாளிகைக்குள் நுழைவதற்கு இப்பொழுது பூமிக்கு அடியில் ஒரு வாசல் அமைத்திருக்கிறார்கள். 2008-ல் திறந்தது. அங்கே சோதனை பலம். நாம் கையில் வைத்திருந்த தண்ணீர்ப் புட்டியைக்கூடக் காலி செய்தால்தான் விட்டார்கள். உள்ளே வட்ட மண்டபம், வரிசை வரிசையாகப் பெரியோர்களின் சிலைகள், சுவர் நிறையச் சித்திரங்கள் எல்லாவற்றையும் கண்டோம். எல்லாப் பிரயாணிகளும் காண்பவை அவை. எல்லாப் பிரயாண நூல்களிலும் இருப்பவை. நாம் பார்க்க விரும்பியதோ ஒரு கமிட்டி அறை.

குன்றின் வடபுறத்தில் சாலையைக் கடந்தால் செனட் சபை அங்கத்தினர்களின் அலுவலகக் கட்டடம் ஒன்று நிற்கிறது. 1909-ல் திறந்த அந்தக் கட்டடத்துக்கு 1972 முதல் ரஸ்ஸல் என்ற செனட்டரின் பெயர். மூன்றாவது மாடியில் இருக்கிறது அந்தக் கூடம். பன்னிரண்டு தூண்கள், நான்கு பெரிய பளிங்குச் சர விளக்குகள், பொன் பூச்சு மின்னும் மேல்தளம். நம் ஊர்க் கல்யாண மண்டபத்துக்குப் பொருத்தமான இடம் என்று தோன்றியது. ஆனால் அங்கே நடந்த காரியங்களில் மங்களமானவை குறைவு. டைட்டானிக் கப்பல் மூழ்கியதைப் பற்றி 1912-ல் இங்கே விசாரித்தார்கள். ஜனாதிபதி நிக்ஸனைப் பதவியிலிருந்து இறக்கிய 1973-ஆம் வருஷத்து விசாரணையும் இங்கேதான். நாம் தேடிப் போனது 1941-ஆம் வருஷம் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் நடந்த விசாரணையை. பிறருடைய யுத்தத்துக்கு ஆயுதம் கொடுக்கலாமா என்று ஒரு தேசம் தன் ஜனங்களையே கூட்டி வைத்துக் கேட்டது அப்போது.

அந்தச் சமயத்தில் பிரான்ஸ் விழுந்துவிட்டது. லண்டன் மீது இரவு தோறும் குண்டு மாரி. பிரிட்டன் அமெரிக்காவில் ஆயுதம் வாங்க வேண்டுமானால் ரொக்கம் கொடுத்துத் தன் கப்பலிலேயே ஏற்றிச் செல்ல வேண்டும் என்பது 1939-ஆம் வருஷத்து நடுநிலைமைச் சட்டம். முந்தைய மகா யுத்தத்தில் பட்ட கடனை அடைக்காத தேசத்துக்குப் புதுக் கடன் கொடுக்கலாகாது என்பது 1934-ஆம் வருஷத்துச் சட்டம். பிரிட்டனின் கையிலோ டாலர் தீர்ந்துகொண்டு வந்தது. இந்தச் சிக்கலுக்கு ஜனாதிபதி ரூஸ்வெல்ட் 1940 டிசம்பர் 17-ல் பத்திரிகைக்காரர்களிடம் ஒரு வழி சொன்னார். பக்கத்து வீடு பற்றி எரியும்போது நம்முடைய தோட்டத்து ரப்பர்க் குழாயை எடுத்துக் கொடுக்கிறோம். அதன் விலையையா கேட்டுக்கொண்டு நிற்போம்? நெருப்பு அணைந்த பிறகு குழாய் திரும்பி வந்தால் போதாதா என்றார். நம் வீட்டுப் பெண்மணிகளுக்கு இது புதிய தத்துவமே அல்ல. ஆழாக்குக் காப்பிப் பொடி கைமாற்றாகப் போவதும் வருவதும் நாம் அறிந்ததே. ஆனால் செனட்டர் டாஃப்ட் விடவில்லை. ஆயுதத்தை இரவல் கொடுப்பது சவைக்கும் பிசினை இரவல் கொடுப்பது போல. அதைத் திரும்பப் பெற யார் விரும்புவார்கள் என்று கேட்டார்.

1941 ஜனவரி 10-ல் மசோதா வந்தது. அதற்கு 1776 என்று எண் கொடுத்தார்கள். அமெரிக்கா பிரிட்டனிடமிருந்து சுதந்திரப் பிரகடனம் செய்த வருஷம் அது! அதே பிரிட்டனைக் காப்பாற்றும் மசோதாவுக்கு அந்த எண்ணைச் சூட்டியது தற்செயலாக நடந்ததல்ல. தேசபக்தியைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டுதான் மசோதா சபைக்குள் நுழைந்தது.

பிரதிநிதிகள் சபையின் கமிட்டிக்கு ஸால் புளூம் என்பவர் தலைவர். செனட் கமிட்டிக்கு வால்டர் ஜார்ஜ். மந்திரிகள் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். வெளிநாட்டு மந்திரி ஹல், யுத்த மந்திரி ஸ்டிம்ஸன், கடற்படை மந்திரி நாக்ஸ், பொக்கிஷ மந்திரி மார்கென்தோ. இவர்களுள் மிகவும் சங்கடமான வேலை மார்கென்தோவினுடையது. மகா சாம்ராஜ்யம் ஒன்றின் பணப்பெட்டியைப் பலர் முன்னிலையில் திறந்து, உள்ளே இருப்பது இவ்வளவுதான் என்று கணக்குக் காட்ட வேண்டியிருந்தது. சூரியன் அஸ்தமிக்காத ராஜ்யம் என்று நம் பள்ளிக்கூடப் புத்தகங்கள் போற்றிய ராஜ்யத்துக்கு வந்த நிலை இது. பிரிட்டன் மெய்யாகவே சொத்தை விற்கிறது என்று காட்டுவதற்காக, மார்ச் மாதத்தில் அமெரிக்கன் விஸ்கோஸ் என்ற அவர்களுடைய செயற்கைப் பட்டுக் கம்பெனியையும் விற்கும்படி ஆயிற்று.

எதிர்த் தரப்பிலே கூட்டத்தை இழுத்தவர் சார்லஸ் லிண்ட்பர்க். 1927-ல் தன்னந்தனியே அட்லாண்டிக் சமுத்திரத்தை விமானத்தில் தாண்டியவர். ஜனவரி 23-ல் பிரதிநிதிகள் சபைக் கமிட்டியின் முன் வந்தார். எந்தக் கட்சி ஜயிக்க வேண்டுமென்று விரும்புகிறீர்கள் என்று கேட்டதற்கு, எந்தக் கட்சியும் ஜயிக்க வேண்டாம், சமரசம் ஏற்படட்டும் என்றார். ஹிட்லரோடு என்ன சமரசம் என்று இன்றைக்கு நாம் கேட்கலாம். அன்றைக்கு அந்த அறையில் அவருக்குக் கைதட்டல் கிடைத்தது. சோஷலிஸ்டுத் தலைவர் நார்மன் தாமஸும் மசோதாவை எதிர்த்தார். மசோதா வேண்டாமென்று தாய்மார் சங்கங்கள் குன்றுக்கே வந்து கிளர்ச்சி செய்தன. பிள்ளைகளைப் பெற்றவர்களின் பயத்தை யார் குறை கூற முடியும்?

நாம் தேடிச் சென்ற கூடத்தில் பெருங்கூட்டம் கூடியது பிப்ரவரி 11-ல், வெண்டல் வில்கியின் சாட்சியத்தின்போது. மூன்று மாதத்துக்கு முன்புதான் தேர்தலில் ரூஸ்வெல்ட்டிடம் தோற்றவர். லண்டனுக்குப் போய்க் குண்டு விழுந்த தெருக்களைக் கண்டுவிட்டு நேரே திரும்பி வந்து, தம்மை வென்றவருடைய மசோதாவை ஆதரித்தார். தேர்தலின்போது ரூஸ்வெல்ட்டைப் பற்றி அவர் பேசிய கடுமொழிகளை ஒரு செனட்டர் எடுத்து வாசித்தார். அது தேர்தல் காலத்துப் பேச்சு என்று சொல்லிச் சிரித்துவிட்டார் வில்கி! அரசியல்வாதியின் வாயிலிருந்து இவ்வளவு உண்மை வருவது அபூர்வம்.

அந்தத் தூண்களின் கீழே நின்றபோது நம் மனம் அங்கே தங்கவில்லை. ஏழு கடல் தாண்டி நம் நாட்டுக்குப் போயிற்று. 1939 செப்டம்பர் 3-ல் வைஸ்ராய் லின்லித்கோ இந்தியாவும் யுத்தத்தில் சேர்ந்துவிட்டதாக அறிவித்தார். நம் தலைவர்களில் ஒருவரையும் கேட்கவில்லை. 1940 நவம்பரில் டில்லிச் சட்டசபை யுத்த வரிக்கான மசோதாவை நிராகரித்தது. வைஸ்ராய் தம் விசேஷ அதிகாரத்தால் அதையே சட்டமாக்கிக்கொண்டார். லிண்ட்பர்க் யுத்தத்துக்கு விரோதமாக நாற்காலியில் அமர்ந்து மணிக்கணக்காகப் பேசிக்கொண்டிருந்த அதே மாதத்தில், யுத்தத்துக்கு உதவாதீர்கள் என்று தெருவில் ஒரு வாக்கியம் சொன்ன குற்றத்துக்காக நம்மவர்கள் ஆயிரக்கணக்கில் சிறையில் இருந்தார்கள். வினோபா தொடங்கிவைத்த தனிநபர் சத்தியாக்கிரகம் அது. ராஜாஜி டிசம்பரிலேயே உள்ளே போய்விட்டார். ஜவஹர்லாலுக்கு நாலு வருஷ தண்டனை. லிண்ட்பர்க்கின் கருத்து நமக்கு ஒப்பாதது. ஆயினும் அவரைப் பேசவிட்டு, கேள்வி கேட்டு, பதிலையெல்லாம் எழுதி அச்சிட்டு, பிறகு வோட்டினால் தோற்கடித்தார்களே, அது நமக்குக் கிடைக்காத பாக்கியம்.

விசாரணை வீண் சடங்காகவும் போகவில்லை. மசோதா உள்ளே போனபடியே வெளியே வரவில்லை. 90 நாளுக்கு ஒரு முறை ஜனாதிபதி காங்கிரஸுக்குக் கணக்குச் சொல்ல வேண்டும். 1943 ஜூன் 30-க்குப் பிறகு அதிகாரம் நீடிக்காது. இந்தச் சட்டத்தைக் காட்டிக் கப்பல்களுக்குப் போர்க்கப்பல் காவல் அனுப்ப அனுமதி கிடையாது என்றெல்லாம் கடிவாளங்கள் பூட்டினார்கள். சோவியத் ருஷ்யாவுக்கு உதவி கூடாதென்று சிலர் கொண்டுவந்த திருத்தம் மாத்திரம் தோற்றது. ஜூன் மாதத்தில் ஹிட்லர் ருஷ்யாவின் மேல் பாய்ந்தபோது அதன் பலன் தெரிந்தது. பிரதிநிதிகள் சபையில் 260-க்கு 165. செனட்டில் 60-க்கு 31. மார்ச் 11-ல் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்டார்.

யுத்தம் முடிவதற்குள் சுமார் 5,000 கோடி டாலர் பெறுமான பொருள்கள் இந்தக் கடன்-குத்தகைச் சட்டத்தின்படி வெளியே போயின. பிரிட்டனுக்கும் அதன் சாம்ராஜ்யத்துக்கும் சுமார் 3,100 கோடி. ருஷ்யாவுக்குச் சுமார் 1,100 கோடி. பெரும்பகுதி திரும்பவில்லை. டாஃப்டின் பிசின் உவமை இந்த அளவில் பலித்தது என்றே சொல்ல வேண்டும். யுத்தம் ஓய்ந்த சமயத்தில் கையிருப்பில் எஞ்சிய சாமான்களுக்காக மட்டும் 65 கோடி டாலர் என்று பிரிட்டனோடு தீர்த்துக்கொண்டார்கள். அதையும், 1946-ல் வாங்கிய புதிய கடனையும் 2 சதவீத வட்டியோடு கட்டி முடிப்பதற்குள் பிரிட்டன் சாம்ராஜ்யத்தையே இழந்துவிட்டது. கடைசித் தவணை 2006 டிசம்பரில் கட்டப்பட்டது.

இந்தக் கணக்கில் நமக்கும் ஒரு வரி உண்டு. யுத்த காலத்தில் ஜனங்கள் வெள்ளி நாணயங்களைப் பதுக்கிவிட்டதால், 1944-ல் அமெரிக்கா இந்தியாவுக்குச் சுமார் 22 கோடி அவுன்ஸ் வெள்ளி கடனாகக் கொடுத்தது. அவுன்ஸுக்கு அவுன்ஸ் வெள்ளியாகவே திருப்ப வேண்டும் என்பது ஏற்பாடு. எந்தச் சபையும் நம்மைக் கேட்டுக்கொண்டு அந்தக் கடனை வாங்கவில்லை. ஆனால் திருப்பிக் கொடுக்கும் கடமை சுதந்திர இந்தியாவுக்கு வந்தது. 1947 முதல் நம் வீட்டுப் பெரியவர்கள் கையில் வெள்ளி ரூபாய்க்குப் பதிலாக நிக்கல் ரூபாய் வந்து விழுந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.