அந்தப் பழுப்புப் புள்ளிகளுக்கு நன்றி

அடையாறு புற்றுநோய் மருத்துவமனை ஆய்வகத்தில் திசுக்களுக்குச் சாயம் போடும் சகோதரிக்கு,

உங்கள் பெயர் தெரியாது, முகமும் பார்த்ததில்லை. ஆறு வருஷத்துக்கு முன் அம்மாவின் மார்புக் கட்டியை மெழுகில் பதித்து, நாலு மைக்ரான் தடிமனில் சீவி, கண்ணாடித் தகட்டில் ஏற்றியவை உங்கள் கைகள். அம்மாவுக்கு அப்போது 47 வயது.

ரிப்போர்ட்டில் ‘இ.ஆர். பாசிட்டிவ்’ என்று பார்த்ததும் எனக்குக் கை நடுங்கியது. டாக்டர் கூப்பிட்டு மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார். வெளிறிய நீலத்தில் காபிப் பொடி தூவினாற்போலப் பழுப்புப் புள்ளிகள். ஒவ்வொன்றும் ஒரு செல்லின் உட்கரு. “அங்கதாம்மா ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இருக்கு. இது நல்ல சேதி” என்றார்.

பல ஏற்பிகள் செல்லின் வாசலில் நின்று சேதி வாங்கி உள்ளே கைமாற்றிவிடும். இந்த ஏற்பியோ ஈஸ்ட்ரோஜன் தரும் சேதியை வாங்கி, தானே டி.என்.ஏ.மேல் போய் உட்கார்ந்து, எந்த மரபணுவைப் படியெடுப்பது என்று முடிவு செய்கிறது. படியெடுத்தல் காரணி என்று இதற்குப் பெயர். அம்மாவின் கட்டியில் “பெருகு, பெருகு” என்றே ஓயாமல் உத்தரவு போய்க்கொண்டிருந்தது. டமாக்ஸிஃபென் மாத்திரை ஈஸ்ட்ரோஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்ள, ஏற்பியின் வடிவம் மாறுகிறது, துணைப் புரதங்கள் வந்து ஒட்ட முடிவதில்லை, உத்தரவு அடங்கிவிடுகிறது. கருத்தடைக்காக 1960களில் உருவாக்கி, அதற்கு உதவாமல் போன மருந்து இது!

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியில் 1954இல் 12 படுக்கைகளோடு உங்கள் மருத்துவமனை திறந்தபோது, இப்படியோர் ஏற்பி இருப்பதே உலகத்துக்குத் தெரியாது. சில ஆண்டுகள் கழித்துத்தான் சிகாகோவில் எல்வுட் ஜென்சன் கண்டுபிடித்தார். அதற்கு முன் வந்த பெண்களை நினைத்தால் மனசு கனக்கிறது.

ஆபரேஷன், கீமோ முடிந்து அம்மாவுக்கு டமாக்ஸிஃபென் தினம் 20 மில்லிகிராம், ஐந்து வருஷம். மயிலாப்பூர் வீட்டின் அடுக்களையில், ஃபில்டருக்குப் பக்கத்தில் மாத்திரை அட்டை இருக்கும். மார்கழி விடியற்காலையிலும் உடம்பு தகிக்கிறது என்று ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருப்பாள். ஒரு நாள்கூட மாத்திரையை விட்டதில்லை. பழுப்பு ஏறாத கட்டிக்கு இந்த மாத்திரையால் பயனில்லை. ஏறியதைச் சரியாகக் காட்டியவர் நீங்கள்.

போன மாதம் கடைசி அட்டை தீர்ந்தது. அம்மா பருப்புப்பொடி அரைத்திருக்கிறாள். பாட்டிலில் யார் பெயர் எழுதுவது என்று கேட்டாள். ‘சாயம் போடுறவங்களுக்கு’ என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். திங்கட்கிழமை கொண்டுவந்து தருகிறேன்.

அன்புடன்,
மயிலாப்பூரிலிருந்து ஒரு மகள்